விடியற்காலை 4 மணிக்கு எழும்பும் கருப்பட்டி

அன்பு மக்ளே,

போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்பாய், அப்புறம் மறந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் நீ லீவில் வருவதற்கு முன்னால் நம் பூனை கருப்பட்டியைப் பற்றி உனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

நீ சென்னைக்குப் போன பிறகு அவன் செய்த சேட்டையில் பாதிகூட உன்னிடம் சொல்லவில்லை. சரியாக 4 மணிக்குத் தொடங்குவான். முதலில் அப்பாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குர்ர்ரென்று முனகுவான். அப்பா புரண்டு படுத்தால் முன்காலால் கன்னத்தைத் தட்டுவான், நகம் படாமல். அதற்கும் அசையவில்லை என்றால் அடுக்களைக்குப் போய் ஸ்டாண்டில் இருக்கிற எவர்சில்வர் டம்ளரைத் தள்ளிவிடுவான். ஒன்று விழுந்ததும் நின்று எங்கள் அறைப்பக்கம் காது கொடுப்பான். யாரும் வரவில்லையா, அடுத்த டம்ளர். பக்கத்திலேயே பிளாஸ்டிக் டப்பாக்கள் இருந்தன, அவற்றைத் தொடவே மாட்டான். சத்தம் எதில் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நம் பழைய ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் தளர்ந்துபோனதையும் அவன்தான் கண்டுபிடித்தான். இடுக்கில் நகத்தை விட்டு இழுத்துத் திறந்து, மறுநாள் குழம்புக்கு வைத்திருந்த சாளை மீனை முழுவதும் தின்றுவிட்டு, தரையெல்லாம் செதிலாக்கி வைத்திருந்தான்.

இது எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சைக்குப் படிக்க நீ 4 மணிக்கு எழும்புவாய், அவனும் கூடவே வந்து மேசையில் உட்காருவான். உனக்குக் கட்டன்சாயா, அவனுக்கு ஒரு துண்டு மீனோ கொஞ்சம் பாலோ. இரண்டு வருஷம் அப்படி நடந்தது. நீ போனாய், அவனுடைய 4 மணி மட்டும் இங்கேயே இருந்தது. முதல் வாரம் அவன் உன் அறை வாசலில் நின்று கத்தினான். அப்பாவுக்குத் தாங்கவில்லை. “அது பிள்ளையத் தேடுது” என்று சொல்லிக்கொண்டே எழும்பி மீன் வைத்தார். மறுநாளும் வைத்தார். அந்த நேரத்தில் அவருக்கும் தூக்கம் கலைந்துதான் இருந்தது, மக்ளே. உன் அறையில் லைட் எரியாத வீடு அவருக்கும் பழகவில்லை. அதனால் அவரை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் மருத்துவரிடம் கொண்டுபோனபோது எடை 6.2 கிலோ காட்டியது. நம் நாட்டுப் பூனைக்கு 4, 4.5 கிலோ இருந்தால் போதும். பூச்சி இருந்தாலும், சர்க்கரை வந்தாலும், வயதான பூனைக்குத் தைராய்டு கூடினாலும் இப்படி ஓயாமல் சாப்பாடு கேட்கும் என்று சொல்லி, இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பழக்கம்தான்.

பி.எட். படிக்கும்போது அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக்கின் பூனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். 1898-ல் அவர் பசித்த பூனையைக் கம்புக் கூண்டில் அடைத்து வெளியே மீன் வைத்தார். பூனை பிராண்டும், கடிக்கும், தற்செயலாகத் தாழ்ப்பாள் திறக்கும். அடுத்தடுத்த முறை வேண்டாததையெல்லாம் விட்டுவிட்டு, பலன் தந்ததை மட்டும் சீக்கிரம் சீக்கிரமாகச் செய்யும். முயன்று தவறிக் கற்றல் என்று முப்பது வருஷம் வாயால் சொன்னேன். என் அடுக்களையிலேயே அது நடந்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நெஞ்சில் ஏறிப் பார்த்தான், கன்னத்தைத் தட்டிப் பார்த்தான், டம்ளரைத் தள்ளினான், மீன் வந்தது. அவன் கெட்டுப்போகவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை நன்றாகப் படித்துவிட்டான்.

அந்த முனகலும் சாதாரணமில்லை. 2009-ல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மக்கோம் குழுவினர் பூனைகளின் குர்ர் சத்தத்தைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். சும்மா சுகமாகப் படுத்திருக்கும்போது வரும் சத்தம் வேறு. சாப்பாடு கேட்கும்போது அதற்குள் அழுகை மாதிரி உயர்ந்த ஒரு ஒலி கலந்திருக்கிறது. பூனையே வளர்க்காதவர்களுக்குக்கூட அது அவசரமாகக் கேட்டதாம். அப்பாவுக்குப் பிள்ளை அழுகிற மாதிரி இருந்ததில் என்ன ஆச்சரியம்?

பக்கத்து வீட்டில் ஒருவர், சாக்கில் கட்டி மீன்சந்தையில் கொண்டு விடச் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வேறொருவர் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அது அவனுக்கு நம்மிடம் பயத்தைத்தான் வளர்க்கும், பசியை மாற்றாது. பட்டினி போடவும் கூடாது. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு நாளுக்குரிய சாப்பாட்டை அளந்து நாலாகப் பிரித்தேன். கடைசிப் பங்கு இரவு 10 மணிக்கு. அதற்கு முன்னால் அப்பா ஒரு கயிற்றில் துணியைக் கட்டி வராந்தாவில் 15 நிமிஷம் இழுப்பார், அவன் பாய்ந்து பாய்ந்து பிடிப்பான். வேட்டை முடிந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் உடம்பை நக்கித் துடைப்பது, அப்புறம் தூக்கம். பூனையின் உடம்பு அந்த வரிசையில்தான் ஓடுகிறது. டம்ளர்களை அலமாரிக்குள் வைத்தேன். ஃபிரிட்ஜுக்குக் குழந்தைகள் திறக்காமலிருக்க ஒட்டும் பூட்டு வாங்கினோம். காலையில் நாங்கள் எழும்பி அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு, அதுவும் நான் கிண்ணத்தில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டிய பிறகு. சாப்பாட்டுக்குச் சத்தம் கொடுப்பது இனி நான், அவன் இல்லை.

4 மணிக்கு என்ன நடந்தாலும் அசையக்கூடாது. திட்டவும் கூடாது, திட்டினாலும் அவனுக்கு அது பதில்தான். இதுதான் கஷ்டம். முதலில் கூடும், அப்புறம்தான் குறையும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அப்படியே நடந்தது. நாலாம் நாள் காலண்டரைக் கிழித்தான், கதவைப் பிராண்டினான், ஒரு மணி நேரம் கத்தினான். ஐந்தாம் நாள் அப்பா எனக்குத் தெரியாமல் எழும்பி ஒரு நெத்திலி கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நெத்திலி. அடுத்த நாள் ஒன்றரை மணி நேரம் கத்தினான். என்றைக்காவது கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் விடவே மாட்டான். எப்போதும் கொடுப்பதைவிட எப்போதாவது கொடுப்பதுதான் ஒரு பழக்கத்தை ஆழமாக ஊன்றும். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியதும் அதுதான். அன்று அப்பாவிடம் நான் அழுதேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரியிலிருந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஒரு மணி நேரம் அரை மணி ஆனது, பத்து நிமிஷம் ஆனது. நாலாவது வாரம் ஒரு நாள் கண்விழித்தால் விடிந்திருந்தது. நான் பயந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜன்னலில் உட்கார்ந்து காக்கா பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவு மூளையை வேலை இல்லாமல் வைக்கவும் கூடாது. இப்போது மத்தியானப் பங்கை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு மேலே காகித உருண்டை வைக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டுத் தின்கிறான். பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, உள்ளே உலர்தீனி மணிகளை இட்டுக் கொடுத்தேன், உருட்டினால் ஒவ்வொரு மணியாக விழும். அதை இரண்டே நாளில் படித்துவிட்டான். நாலு மாதத்தில் 5.7 கிலோவுக்கு வந்திருக்கிறான். மெதுவாகத்தான் குறைய வேண்டும்.

பாலை நிறுத்திவிட்டேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது. மீன் குழம்பில் கிடக்கிற துண்டைக் கழுவிக் கொடுக்கிற வழக்கமும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும், கழுவினால் போகாது. சும்மா அவித்த மீன், முள் நீக்கி, அவன் பங்கில் சேர்த்துத்தான்.

இப்போதும் 4 மணிக்கு அவன் எழும்பத்தான் செய்கிறான். காலடி கேட்கும். உன் அறைக்குள் போவான், மேசையில் ஏறிக் கொஞ்ச நேரம் இருப்பான், இறங்கி வந்து எங்கள் கால்மாட்டில் படுத்துக்கொள்வான். கத்துவதில்லை.

நீ வருகிற பஸ் உன்னை விடியற்காலை வடசேரியில் இறக்கிவிடும். வீட்டுக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய அவனுடைய நேரமாகத்தான் இருக்கும். கதவு திறந்ததும் முதலில் உன்னிடம் அவன்தான் ஓடி வருவான். தூக்கிக்கொள், கொஞ்சு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மடியில் வைத்துக்கொள். பையில் ஒன்றும் கொண்டுவராதே, ஃபிரிட்ஜைத் திறக்காதே. ஆறரைக்கு நான் கிண்ணத்தைத் தட்டுவேன். அன்றைக்கு மட்டும் கரண்டியை உன் கையில் தருகிறேன்.

அம்மா