மாற்றுத்திறனாளிகளை ஆய்வில் பங்காளர்களாகச் சேர்க்கக் கோரும் மனு

பெறுநர்: மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்

பொருள்: எங்களைப் பற்றிய ஆய்வுகளில் எங்களையும் பங்காளர்களாகச் சேர்த்தல் தொடர்பாக

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்த மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதியையும், மாற்றுத்திறனாளிகளான எங்களைப் பற்றி இங்கே நடந்த கணக்கெடுப்புகளையும் தாங்கள் நன்கு அறிவீர்கள். எனவே நேராகக் கோரிக்கைக்கு வருகிறேன்.

1. கேள்வித்தாள் தயாராகும்போதே எங்களை அழைக்க வேண்டும். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 4(3) பிரிவு, எங்களைப் பற்றிய முடிவுகளில் எங்களைக் கலந்து பேச வேண்டும் என்கிறது.

2. கேள்விகளை எங்களிடமே கேட்க வேண்டும். எனக்குப் பெருமூளை வாதம். பேச்சு திக்கித் திக்கித்தான் வரும், ஆனால் வரும். போன முறை வந்த ஆய்வாளர் என் சக்கர நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, என் அம்மாவிடம் கேட்டார்: "இவர் தானே குளிப்பாரா? கழிப்பறைக்கு யார் தூக்கிப் போவீர்கள்? வேலைக்குப் போகும் எண்ணம் இருக்கிறதா?" கடைசிக் கேள்விக்கு நான் வாயெடுத்தேன். முதல் சொல் முழுதாக வருமுன் அவர் 'இல்லை' என்பதில் டிக் அடித்துவிட்டார். அம்மா கூசிப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முப்பத்திரண்டு வயது, ஐயா. வேலைக்குப் போக வேண்டும் என்று பதினோரு வருடமாக ஏங்குகிறேன். என் பெயருக்கு நேரே 'இல்லை' என்று இருக்கிறது. அதை வைத்து எனக்குப் பயிற்சி தேவையில்லை என்று நாளை யாராவது முடிவு செய்தால், யாரிடம் போய் நிற்பேன்? காது கொடுத்துக் கேட்க ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா?

3. சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். இதையும் மூன்று முறை எழுதிவிட்டோம்.

4. ஆய்வறிக்கை எங்கள் கைக்கு வர வேண்டும். ஒருமுறை வந்தது, பக்கங்களை ஸ்கேன் செய்த வெறும் படங்களாக. பார்வையற்ற என் நண்பருக்குத் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பானால் அதில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. அவரைப் பற்றிய அறிக்கை அது! புள்ளிவிவரங்கள் எங்களுக்கு எட்டும் வடிவில் கிடைக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. எங்கள் வீட்டுக் கதையெல்லாம் வாங்கிப்போனவர்கள், அதிலிருந்து என்ன எழுதினார்கள் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்களா?

மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைகூட வரவில்லை. இன்னும் எத்தனை எழுத வேண்டும்? இதை ஒற்றை விரலால் தட்டச்சு செய்ய எனக்கு இரண்டு நாள் ஆகிறது.

பணிவுடன் மறுபடியும் கேட்கிறேன், ஐயா. அடுத்த ஆய்வுக்குக் கேள்வித்தாள் அச்சாகுமுன் எங்களைக் கூப்பிடுங்கள். என் பதிலை என் வாயால் சொல்ல விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மனுதாரர்