மஞ்சள் நீராட்டு அழைப்பிதழும் முகநூலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக வலைதளங்களில் தனிப்பட்ட தகவல்கள் களவு போவதைப் பற்றிப் பேசும்போது நாம் மோசடிக்காரர்களையும் வெளிநாட்டு நிறுவனங்களையுமே குறை சொல்கிறோம். காட்பாடி, குடியாத்தம் வட்டாரங்களில் நடப்பதைப் பார்த்தால், நம் வீட்டுப் பிள்ளைகளின் விவரங்களை ஊருக்கு முதலில் அறிவிப்பவர்கள் நாமே என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் அது அச்சாகி, குங்குமம் வெற்றிலை பாக்குடன் உறவினர் கைக்குப் போகும். இப்போது சிறுமியின் படம், பெயர், பெற்றோர் பெயர், தெரு, கைப்பேசி எண், மண்டபம், நேரம் எல்லாம் ஒரே படத்தில் அடங்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி முகநூலில் ஏறுகிறது. (அன்று முழுவதும் வீடு பூட்டியிருக்கும் என்ற செய்தியும் கூடவே போவது தனிக்கதை.) எட்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணிடம், அவள் உடலில் நேர்ந்த மாற்றத்தை முகம் தெரியாதவர்களுக்கும் சொல்லலாமா என்று எவரும் கேட்பதில்லை. அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வகுப்புப் பையன்கள் கேலி பேசினால், அதைத் தாங்க வேண்டியவள் அவள்தான்.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அச்சட்டத்தின் 3-ஆவது பிரிவு, ஒருவர் சொந்த, குடும்பத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கும், தரவுக்கு உரியவர் தாமே பொதுவெளியில் வைத்த தரவுக்கும் சட்டம் பொருந்தாது என்கிறது. 18 வயது நிறையாத பிள்ளையின் விஷயத்தில் ‘உரியவர்’ என்ற சொல் பெற்றோரையும் குறிக்கும். ஆகவே தகப்பனார் பொதுவில் பதிந்துவிட்ட படத்தை வேறொருவர் எடுத்து ஆண்டாலும், மகளுக்கு இச்சட்டம் துணைக்கு வருமா என்பது ஐயமே.

ஸ்டுடியோக்காரர் நிலை வேறு. விழாவில் எடுத்த வீடியோவைத் தம் தொழில் விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகப் போடுவது குடும்பத் தேவை ஆகாது. பிள்ளைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 9-ஆவது பிரிவு சொல்கிறது. முன்பணம் வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கும் ஸ்டுடியோவை நான் இதுவரை கண்டதில்லை. மாணவர்களின் பிறந்த தேதியும் பதிவெண்ணும் தெரியும்படி மதிப்பெண் பட்டியலைப் பதிவிடும் தனிப்பயிற்சி மையங்களுக்கும் இதே கேள்வி உண்டு.

இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதால், அதுவரை சும்மா இருக்கலாம் என்று எண்ணத் தேவையில்லை. ‘படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் / சம்மதமில்லை’ என்ற ஒரு வரியை முன்பதிவு ரசீதில் சேர்க்குமாறு ஒளிப்படக் கலைஞர் சங்கங்களையும் மண்டப உரிமையாளர்களையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு கேட்டுக்கொள்ளலாம். அந்த வரியில் கையெழுத்திடும் முன் பெற்றோர் மகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.