கணக்கு ஆசிரியர்களே, குறுக்குப் பெருக்கலைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்

6, 7, 8-ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் சார், டீச்சர் எல்லோருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு பின்னங்களில் எது பெரியது என்று கேட்டவுடனே குறுக்கே (ஒன்றின் மேல் எண்ணை மற்றதன் கீழ் எண்ணால்) பெருக்கச் சொல்லித் தராதீர்கள். அறவே கூடாது என்று சொல்லவில்லை, முதல் வழியாக வேண்டாம் என்கிறேன்.

எங்கள் தெருவில் ஏழாவது படிக்கும் ஒரு பெண், 7/8, 8/9 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு, "முதலாவது ஒன்றுக்கு 1/8 குறைகிறது, அடுத்தது 1/9தான் குறைகிறது, அதனால் 8/9 பெரியது" என்று பரீட்சையில் எழுதியிருந்தாள். எனக்குப் படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'வழிமுறை எங்கே?' என்று கேட்டு ஒரு மார்க்கைக் குறைத்திருந்தார்கள். 63, 64 என்று பெருக்கி எழுதியிருந்தால் முழு மார்க்காம். சரி, அந்த 63-உம் 64-உம் எதில் 63, எதில் 64 என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், 72-இல் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்க்கலாம்.

அளவு மனதில் நிற்காததால்தான் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகிறார்கள். 2/5 என்பது பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும்? இதை ஒரு தடவை கேட்டாலே அவர்களே அடித்துத் திருத்திவிடுவார்கள். (இன்னொன்று: மிகை பின்னங்களில் (பூஜ்யத்தைவிடப் பெரியவற்றில்) இப்படி மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டினால் வருவது எப்போதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழும். 2 மேட்சில் 1, அப்புறம் 3 மேட்சில் 1 ஜெயித்தால் மொத்தம் 5-இல் 2. 2/5 என்று பிள்ளை போட்டது வேறு கேள்விக்கான விடை, அவ்வளவுதான்.)

குறை எண் வந்ததும் குறுக்குப் பெருக்கல் காலை வாரிவிடும். 2/(−3), 1/4 இரண்டையும் குறுக்கே பெருக்கினால் 8, −3 வருகிறது, 8 பெரியது, ஆகவே முதல் பின்னம் பெரியது என்று பையன் எழுதுகிறான். நிஜத்தில் அது பூஜ்யத்துக்கும் கீழே கிடக்கிறது. இரு பக்கமும் −12-ஆல் பெருக்கியிருக்கிறோம், குறி திரும்பியிருக்க வேண்டும் என்பதை அந்தக் குறுக்குக் கோடு சொல்வதே இல்லை. பெரியது, சிறியது காட்டும் குறியை முதலை வாயாக வைத்து, அது பெரியதைத்தான் தின்னும் என்ற பாடமும் இப்படித்தான், −5 > −2 என்று எழுத வைக்கும். 1631-இல் ஆங்கிலக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட்டின் நூலில் இந்தக் குறிகள் அச்சானபோது முதலை எதுவும் கூட வரவில்லை.

பதினொன்றாவதில் 1/x < 2 என்று அசமன்பாடு வரும்போது இதே பழக்கத்தில் x-ஆல் பெருக்கி, x > 1/2 என்று முடித்துவிடுகிறார்கள். x = −1 போட்டுப் பாருங்கள், −1 < 2, சரிதானே? குறை எண்கள் அத்தனையும் விடையில் இருக்க வேண்டியவை, மொத்தமாகப் போய்விட்டன. x மிகையா குறையா என்று தெரியாமல் அதால் பெருக்கக்கூடாது, x²-ஆல் பெருக்கலாம் என்று அந்த வயதில் புதிதாகச் சொன்னால் பாதிப் பேருக்கு ஏறுவதில்லை.

எண்கோடு வரைந்து, பாதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, ஒன்றுக்கு எவ்வளவு குறைவு என்று கொஞ்ச நாள் பேசவிட்டு அப்புறம் பெருக்கலுக்குப் போங்கள். வரும் பருவத் தேர்வில் 'பெருக்காமல் சொல்: 3/7, 5/9 இவற்றில் எது பெரியது?' என்று ஒரே ஒரு கேள்வி வையுங்கள், பாதியை வைத்துச் சொல்கிற பிள்ளைக்கு முழு மார்க் போடுங்கள்.