பால் நோய் அல்ல, மண்ணீரல் நோய்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். பதில் போட மூன்று மாதம் ஆகிவிட்டது, திட்டுவதை நேரில் வைத்துக்கொள். உன் கால்நடைக் கையேட்டின் கலைச்சொல் பட்டியலைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 'மில்ட்சீக்தெ'க்கு எதிரே 'பால் நோய்' என்று எழுதியிருக்கிறாயே, அடப்பாவி! தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் மில்ட் என்றால் மண்ணீரல், சீக்தெ என்றால் நோய். நம் அடைப்பான்தான் அது, ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ்.

கத்தி வைத்தவன் இட்ட பெயர். செத்த மாட்டை அறுத்தால் மண்ணீரல் பல மடங்கு வீங்கி, கருத்து, தார் மாதிரி குழைந்து கிடக்கும். இரத்தமும் சரியாக உறையாது. ஜெர்மானியர் 'மண்ணீரல் எரிச்சல்' என்றார்கள், டச்சுக்காரர் 'மண்ணீரல் நெருப்பு' என்றார்கள். ஆந்த்ராக்ஸ் மட்டும் கிரேக்கக் 'கரி', மனிதத் தோலில் வரும் கறுப்புப் புண்ணை வைத்து. பன்றியிடம் இந்த மண்ணீரல் பெயர் பலிக்காது. அதற்குத் தொண்டைதான் வீங்கும்.

வேடிக்கை என்னவென்றால், பெயர் எதைப் பார்த்து வந்ததோ அதைப் பார்க்கவே கூடாது. மூடிய பிணத்துக்குள் கிருமி அழுகலிலேயே செத்துவிடும். அறுத்தால் காற்றுப் பட்டு, எதையும் தாங்கும் வித்தாக (ஸ்போர்) மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். நோயை உறுதிசெய்யக் காது இரத்தக் குழாயில் குத்தி ஒரு சொட்டு இரத்தம், கண்ணாடித் தகட்டில் பூச்சு, பாலிக்ரோம் மெத்திலீன் நீலம் என்ற சாயம், அப்புறம் நுண்ணோக்கி. முனை சதுரமான நீலக் குச்சிகளாகக் கிருமியும், அதைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தெரிந்தால் முடிந்தது, அடைப்பான்தான். பிணத்தை எரிப்பதே மேல். புதைக்கும்போது சுண்ணாம்பு கொட்டாதே என்கிறார்கள். கால்சியம் வித்துக்குச் சாதகமாம்.

தென்னாப்பிரிக்கப் பெயரோடு சேர்த்து ஆண்டர்ஸ்டபூர்ட்டையும் எழுது. 1908ல் ஆர்னால்ட் தைலர் தொடங்கிய கால்நடை ஆய்வுக்கூடம் அது. பாஸ்டரின் 1881 தடுப்பூசியை இரண்டு தவணையாகப் போட வேண்டும். வீரியம் ஒரே சீராக இருக்காது, சில மாடுகளைக் கொன்றும்விடும். 1930களில் மேக்ஸ் ஸ்டெர்ன் அங்கே கிருமியைக் குதிரைச் சீரம் கலந்த ஊடகத்தில், கரியமில வாயு மிகுந்த காற்றில் வளர்த்தார். அந்தச் சூழலில் உறை உள்ளது வழவழப்பான திட்டாகும். உறையை இழந்த பிறழ்வோ சொரசொரப்பாகத் தனியே துருத்தும். அதைப் பொறுக்கி எடுத்ததில் வந்ததுதான் 34எஃப்2 என்ற தடுப்பூசிக் கிருமி வகை. நஞ்சு உண்டு, உறை இல்லை. அதனால் எதிர்ப்புச் சக்தி வரும், நோய் வராது. என்னைக் கேட்டால் கலை அந்தத் திட்டைப் பொறுக்கியதில்தான் இருக்கிறது. இன்றும் உலகின் பெரும்பாலான நாடுகளில் மாட்டுக்கு அதுதான்.

உன் கையேட்டில் இன்னொன்று விட்டுப்போயிருக்கிறது. ஸ்டெர்னுடையது உயிருள்ள வித்துத் தடுப்பூசி. ஊசி போட்ட கையோடு பென்சிலினும் போட்டால் வித்து முளைத்ததுமே செத்துப்போகும். மாட்டுக்கு எதிர்ப்பும் வராது. பிறகு பழி ஸ்டெர்ன்மேல் விழும். வெள்ளாட்டுக்குக் கொஞ்சம் நிதானித்துப் போடச் சொல், ஊசி மருந்தில் சேர்க்கும் சாப்போனின் என்ற பொருள் வெள்ளாட்டைப் படுத்தும்.

அடுத்த பக்கத்தில் 'லாம்சீக்தெ' இருக்கிறதா? ஆட்டுக்குட்டி நோய் என்று எழுதித் தொலைக்காதே. அங்கே லாம் என்றால் முடக்கம். பாஸ்பரஸ் பற்றாத மேய்ச்சலில் மாடு பழைய எலும்பைக் கடித்து, பாட்டுலிசம் என்ற கிருமி நஞ்சில் முடங்கி விழுவது அது. 'ஸ்பான்ஸ்சீக்தெ' நம் சப்பை நோய். திருத்திய படியை அனுப்பு, அச்சுக்குப் போகுமுன் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
முருகன்