அக்காவுக்கு ஒரு கடிதம்: பரணில் என்ன இருந்தது?

அன்புள்ள அக்கா,

நம் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் அதை இடித்து அடுக்குமாடி எழுப்பிப் பல வருஷம் ஆகிறது. நான் கட்டுவது என் மேசை மேல். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. பொம்மை வீடு செய்கிறவர்கள் பெரும்பாலும் எடுக்கும் அளவு அதுதான். நாம் ஐந்து பேர் படுத்து எழுந்த பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு பரீட்சை அட்டைக்குள் அடங்கிவிட்டது.

இங்கிலாந்தில் மேரி ராணிக்காக, புது டெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் 1924-ல் முடித்துக் கொடுத்த பொம்மை வீடும் இதே அளவுதான். அதில் விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். நம் வீட்டுக்குக் குழாய் வேண்டியதில்லை, வாசலில் ஏழு குடம் போதும். எம்-சீல் பசையை உருட்டி, பேனா மூடியால் வாய் அழுத்தி, பச்சையும் ஆரஞ்சுமாகப் பூசிவிட்டேன்.

கூரைக்குத்தான் ஒரு மாதம் பிடித்தது. மெட்ராஸ் டெரஸ் இல்லையா, உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டுவார்கள். ஆறு அங்குலச் செங்கல் எனக்கு அரை அங்குலம், கனம் 2 மில்லிமீட்டர். ஆண்டர்சன் தெருவில் தடித்த அட்டை வாங்கி வந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். பாயில் மல்லாந்து படுத்து நாம் எண்ணுவோமே, அந்த வரிசைகள் வந்துவிட்டன.

மரமும் அட்டையும் சொன்னபடி சின்னதாகிவிடுகின்றன. துணி ஆகாது. அம்மாவின் மெல்லிய வாயல் புடவையில் ஒரு துண்டைக் கொடியில் போட்டால் தகடு மாதிரி விறைத்து நின்றது. ஃபெவிகாலைத் தண்ணீராகக் கரைத்து நனைத்து, மடிப்புக்கு மடிப்பு குண்டூசி குத்திக் காயவிட்ட பிறகுதான் புடவையாகத் தொங்கியது.

எண்ணெயும் அப்படித்தான். அப்பா சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கும் இடத்தில், சுவரில் அவர் தலை எண்ணெய் படிந்திருக்குமே? தரையிலிருந்து இரண்டரை அங்குல உயரத்தில் விரலால் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் பாதிச் சுவருக்குப் பரவியிருக்கிறது. சுவரையே பிய்த்து மறுபடி செய்து, இந்த முறை காது குடையும் பஞ்சில் துளி வார்னிஷ் எடுத்து ஒற்றினேன். சுண்டைக்காய் அளவு மங்கிய வட்டம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது வீடு என்றே தோன்றியது. அதுவரை வெறும் அட்டைப் பெட்டி. கடையில் விற்கும் அழகான குட்டி சோபாவும் பூ ஜாடியும் எத்தனை வைத்தாலும் இது வராது, அக்கா.

சரி, எழுத வந்த விஷயம். பரண் காலியாக இருக்கிறது. எனக்கு அது எட்டாது. அடுப்பு மேடையில் கால் வைத்து நீதான் ஏறுவாய். பித்தளை அண்டாவின் விளிம்பும் ஒரு கோணிப்பையும் மட்டும் கீழேயிருந்து எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் என்ன இருந்தது? அம்மா தேடும்போதெல்லாம் அங்கே எதை ஒளித்து வைத்தாய்?

ஞாபகம் வருகிற வரிசையில் சொல், போதும். பெட்டியென்றால் என்ன நிறம், பூட்டு இருந்ததா என்பதையும் சொல். அதுவரை கூரையை ஒட்டாமல் சும்மா மேலே சார்த்தித்தான் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி