தங்கச்சிக்கு ஸ்டோக்கிலிருந்து ஒரு கடிதம்

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்,
நவம்பர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. கிழக்கு வீட்டு அண்ணி கொண்டுவந்த பொதியில் ஏத்தங்காய் சிப்ஸுக்கு அடியில் உன் கடிதம் இருந்தது. வாட்ஸ்அப்பில் ‘சாப்பிட்டேன், தூங்கப் போறேன்’ என்பதைத் தவிர அக்காவிடமிருந்து வேறு ஒன்றும் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். வாஸ்தவம்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது அங்கே மத்தியானச் சாப்பாடே முடிந்திருக்கும். போன மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்களா, இப்போது வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். நான் எழுந்து உட்கார்ந்து பேசலாம் என்று பார்த்தால் பாப்பா தூங்கியிருப்பாள்.

முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு: நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இந்த ஊரில் ஓட்கேக் என்று ஒன்று உண்டு. ஓட்ஸ் மாவையும் கோதுமை மாவையும் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்துக் கல்லில் ஊற்றி எடுப்பார்கள். பார்த்தால் நம் வீட்டுக் கோதுமை தோசையேதான். இவர்கள் சீஸும் பன்றி இறைச்சியும் வைத்து மடித்துத் தின்கிறார்கள். நான் வெறும் ஓட்கேக்கை வாங்கி வந்து, அண்ணி தந்த மிளகாய்ப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொள்கிறேன். குளிர் தொடங்கிவிட்டது, நாலு மணிக்கெல்லாம் இருட்டு. ஹீட்டர் இருக்கிறது. இரவில் அதை அணைத்துவிட்டு இரண்டு போர்வை போட்டுக்கொள்கிறேன், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அம்மா கவலைப்பட வேண்டாம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓஇடி என்கிற, ஆஸ்பத்திரி வேலைக்காரர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சையின் ஸ்பீக்கிங்கில் கேன் (can), குட் (could), மே (may) எதை எங்கே சொல்வது, கோச்சிங் மேடம் எல்லாம் ஒன்றுதான் என்கிறார், போனில் சொன்னால் நிற்காது, எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். எல்லாம் ஒன்று இல்லை மக்களே. தினமும் இதை வைத்துத்தான் எனக்கு இங்கே வேலை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன், பத்திரமாக வைத்துப் படி.

நம் பேச்சில் இந்தக் குழப்பமே கிடையாது. ‘என்னால் முடியும்’ என்றால் உடம்புக்கும் பழக்கத்துக்கும் உள்ள திராணி. ‘போகலாம்’ என்றால் யாரோ விட்டிருக்கிறார்கள். ‘போகட்டுமா’ என்றால் கேட்கிறோம். இங்கிலீஷில் மூன்றுக்கும் கேன் ஒன்றே வந்து நிற்கும். ‘ஐ கேன் ஸ்விம்’, ‘யூ கேன் கோ நௌ’, ‘கேன் ஐ கம் இன்?’ அதனால் கேன் வந்தாலே, இது முடிவதைச் சொல்கிறதா, விடுவதைச் சொல்கிறதா என்று முதலில் பார்.

இரண்டும் பிரிந்து நிற்கும் இடம் ஒன்று சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களை நாற்காலிக்கு மாற்ற ஹாய்ஸ்ட் என்று ஒரு இயந்திரம் உண்டு. ஸ்லிங் என்கிற துணியை உடம்புக்கு அடியில் விட்டு, நாலு பக்கமும் கொக்கியில் மாட்டித் தூக்குவோம். எங்கள் ஹோமில், அதாவது நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில், அதை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் செய்ய வேண்டும். தனியாகச் செய்ய எனக்குத் தெம்பு இருக்கிறது, ஆனால் கூடாது. அதை ‘ஐ கேன் டூ இட், பட் ஐ ஆம் நாட் அலவ்ட் டு’ என்று சொல்ல வேண்டும். ஊசியும் அப்படித்தான். நாகர்கோவிலில் நான் எத்தனை பேருக்கு ஊசி போட்டிருக்கிறேன், உனக்குத் தெரியும். கை மறக்கவில்லை. ஆனால் கேர் ஒர்க்கராக, அதாவது பராமரிப்பு உதவியாளராக வந்தவள் எங்கள் ஹோமில் ஊசியைத் தொட அனுமதி இல்லை. சித்தி கேட்டால் மட்டும், அக்கா ஆஸ்பத்திரி வேலைதான் பார்க்கிறாள் என்று சொல்லு, போதும்.

அனுமதி கேட்கும்போது கேன் ஐ, குட் ஐ, மே ஐ மூன்றும் சரிதான். கேன் சாதாரணமானது, குட் இன்னும் பணிவு, மே கொஞ்சம் விறைப்பான மரியாதை, வயதானவர்களுக்குப் பிடிக்கும். குட் என்றதும் இறந்தகாலம் என்று நினைத்துவிடாதே, இந்த இடத்தில் அது மரியாதைக்காக வருகிறது. ஆனால் பதிலில் குட் வராது. ‘குட் ஐ சிட் ஹியர்?’ என்று நோயாளி கேட்டால் ‘யெஸ், யூ குட்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘யெஸ், ஆஃப் கோர்ஸ் யூ கேன்’ என்று சொல். ‘யூ மே நாட்’ என்பதை ரோல்பிளேயில், அதாவது பரீட்சையில் நோயாளியோடு பேசுவதுபோல நடிக்கிற பகுதியில், எடுக்கவே எடுக்காதே. அது அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர் உத்தரவு போடுகிற தொனி.

அதைவிட முக்கியம் ஒன்று. ‘கையைத் தூக்குங்க’ என்று நாம் சொல்லும்போது அந்த ‘ங்க’விலேயே மரியாதை வந்துவிடுகிறது. ‘லிஃப்ட் யுவர் ஆர்ம்’ என்றால் அதில் ஒன்றும் இல்லை, வெறும் ஏவல். அந்த மரியாதையை இங்கே ‘குட் யூ’தான் கொடுக்கிறது. ‘குட் யூ லிஃப்ட் யுவர் ஆர்ம் ஃபார் மீ?’ என்று கேள். கூடவே தொடுவதற்கு முன்னால் ‘மே ஐ’ அல்லது ‘இஸ் இட் ஓகே இஃப் ஐ’ என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். பிரஷர் பார்க்க, போர்வையை விலக்க, தலை வார, எல்லாவற்றுக்கும். நம் ஆஸ்பத்திரியில் நாம் கேட்டதே இல்லை, கட்டிலுக்குப் போனோம், கையைப் பிடித்தோம். இங்கே மென்ட்டல் கெப்பாசிட்டி ஆக்ட் என்று 2005-ல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒருவரால் தன் காரியத்தைத் தானே முடிவு செய்ய முடியாது என்று நிறுவும்வரை, முடியும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் எடுக்கும் முடிவு நமக்குச் சரியில்லை என்று படுவதாலேயே அவருக்குத் திராணி இல்லை என்று சொல்லவும் கூடாது. குளிக்க மாட்டேன் என்று ஒரு பாட்டி சொன்னால், கேர் நோட்ஸில் ‘டிக்ளைண்ட்’ என்று எழுதுவோம், ‘குடின்ட்’ என்று எழுத மாட்டோம். மாட்டேன் வேறு, முடியவில்லை வேறு. இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அப்பாவின் ஆத்தா கடைசிக் காலத்தில் கட்டிலில் கிடந்தபோது, குளிக்கிறீங்களா என்று யாராவது அவளைக் கேட்டோமா?

குட்டுக்கும் ‘வாஸ் ஏபிள் டு’வுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது நான் பார்த்துக்கொள்கிற ஒரு பாட்டிதான். போனில் சொல்வேனே, கோப்பைப் பாட்டி, அவர்தான். இது பீங்கான் ஊர். வெட்ஜ்வுட் தொடங்கிப் பெரிய பெரிய கோப்பைக் கம்பெனிகள் பல இங்கேதான் பிறந்தன. புட்டி வடிவத்தில் செங்கல் சூளைகள் ஊர் முழுக்க இருந்தனவாம், இப்போது ஐம்பதுக்கும் குறைவாகத்தான் மிச்சம். பாட்டி பர்ஸ்லெமில் ஒரு பீங்கான் ஆலையில் கோப்பை விளிம்பில் தங்கக் கோடு போடுகிறவராக இருந்தவர். கோப்பையைத் திகிரியில் வைத்துச் சுற்றிவிட்டு, பிரஷை அசைக்காமல் பிடித்தால் ஒரே சுற்றில் கோடு வந்துவிடுமாம். இன்றைக்கும் டீ கொடுத்தால் முதலில் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ‘ஐ குட் டூ இட் இன் ஒன் டர்ன், டக்’ என்பார். நம் ஊர் ‘மக்களே’ இருக்கும் இடத்தில் இங்கே ‘டக்’.

அந்த குட், ஒரு காலம் முழுக்க அவரிடம் இருந்த திறமை. ஸ்ட்ரோக் பாதித்த கையாலேயே போன வாரம் ஸ்பூனைப் பிடித்து அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார். அதை ‘ஷீ குட் ஹோல்ட்’ என்று எழுதக் கூடாது, ‘ஷீ வாஸ் ஏபிள் டு ஹோல்ட் த ஸ்பூன்’. ஒரு தடவை நடந்து முடிந்த காரியத்துக்கு வாஸ் ஏபிள் டு. அனுமதியிலும் இதே கதை. ‘நேற்று டாக்டர் விட்டதால் தோட்டத்துக்குப் போனார்’ என்பதற்கு ‘வாஸ் அலவ்ட் டு’. இல்லை என்று சொல்லும்போது மட்டும் கவலையில்லை, குடின்ட் இரண்டுக்கும் பொருந்தும். வருங்காலத்துக்கு ‘வில் கேன்’ கிடையாது, ‘வில் பி ஏபிள் டு’. ரோல்பிளேயில் நோயாளி ‘கேன் ஐ கோ ஹோம் டுமாரோ?’ என்று கேட்டால் ‘நோ, யூ கான்ட்’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லாதே. டாக்டர் பார்த்த பிறகு ‘யூ வில் பி ஏபிள் டு’ என்று சொல்லிக் காரணத்தையும் சொல்.

பாட்டி பேசுவதைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது. இங்கே பழைய ஆட்கள் ‘கேன் யூ’ என்பதை ‘கொஸ்ட்’ என்பார்கள். ‘கேன்ஸ்ட்’ என்ற பழைய சொல் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. ‘கொஸ்ட் கிக் அ போ அகென் அ வோ, அன் யெட் இட் டில் இட் பொஸ்ட்ஸ்?’ என்று ஒரு வாக்கியம் இந்த ஊரில் பிரசித்தம். பந்தைச் சுவரில் உதைத்து, வெடிக்கும்வரை தலையால் முட்ட உன்னால் முடியுமா என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் பாட்டி இதைக் கேட்பார். இப்போது நான் ‘ஐ கேன்’ என்றால் கையைத் தட்டுகிறார்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், இதை மேடம் கட்டாயம் சொல்லியிருக்க மாட்டார். வாக்கியத்துக்கு நடுவில் வரும் கேனை இவர்கள் அழுத்திச் சொல்வதில்லை, ‘ஐ கன் கோ’ என்று விழுங்கிவிடுவார்கள். இல்லை என்பதற்கு ‘கான்ட்’ என்று நீட்டி அழுத்துவார்கள். நாம் ‘கேன்’ என்று அழுத்திவிட்டு ‘கேன்ட்’டில் கடைசி ட்-ஐ விட்டுவிடுகிறோம். இவர்கள் காதில் இரண்டும் ஒன்றாக விழும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் விவரம் சொல்லுகிற ஹேண்ட்ஓவரில் அது ஆபத்து. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குத் தண்ணீரில் பவுடர் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். ‘ஷீ கான்ட் ஹேவ் தின் ஃப்ளூயிட்ஸ்’ என்று நாம் சொன்னது ‘கேன்’ என்று விழுந்தால் என்ன ஆகும், நீயே நினைத்துப் பார். நான் ‘கேனாட்’ என்று முழுதாகச் சொல்லிவிடுவேன். நீயும் அப்படியே பழகு.

நீ இதையெல்லாம் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரியம்மா உன்னிடம், இவள் ஏன் புருஷனையும் பிள்ளையையும் கூட்டிப் போகாமல் இருக்கிறாள் என்று கேட்டாராமே. 2024 மார்ச் 11-லிருந்து கேர் ஒர்க்கர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர அனுமதி இல்லை. நான் விண்ணப்பித்தது அதற்குப் பிறகு. என்னால் முடியாமல் இல்லை, விடவில்லை. பெரியம்மாவுக்கு அப்படியே சொல்லு. ரெஜிஸ்டர் செய்த நர்ஸாக வருகிறவர்களுக்கு இன்னும் விடுகிறார்கள். நீ அந்த வழியாக வா. அதற்கு ஓஇடியில் ஸ்பீக்கிங், லிசனிங், ரீடிங் மூன்றிலும் பி, ரைட்டிங்கில் சி பிளஸ் வாங்க வேண்டும். நானும் எழுதத்தான் போகிறேன், வேலை அதிகம் என்பதால் கொஞ்சம் தள்ளிவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா போனில், ‘அம்மா, நான் அங்கே வரட்டுமா?’ என்று கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்? சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு மழை. இங்கே மழை சத்தமே போடாமல் பெய்கிறது. நம் ஓட்டில் விழுகிற சத்தமும், அம்மா சட்டியில் மீன் கறி கொதிக்கிற வாசமும், மரச்சீனி வெந்து வெடிக்கிறதும் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, எழுந்து போனேன். இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசிக்காதே. உன் அத்தானுக்கும் வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். சொசைட்டியில் வைத்த சங்கிலிக்கு டிசம்பரில் வருஷம் முடிகிறது. இப்போதைக்கு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வை, திருப்புவதைச் சித்திரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதம் சம்பளம் கொஞ்சம் தள்ளி வருகிறது, 10-ஆம் தேதிக்குப் பிறகு அனுப்புகிறேன். அதுவரை பாப்பாவின் ஸ்கூல் வேன் காசை அத்தானிடம் கேட்காமல் நீயே கொடுத்துவிடு, கணக்கு எழுதி வை. ரப்பர் பால் வெட்டுகிறவர் பங்கைக் கூட்டிக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். மழை விட்ட பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லட்டும், இப்போது வாக்குக் கொடுக்க வேண்டாம். சித்தப்பாவோடு வேலித் தகராறில் தம்பி வாயைத் திறக்கக் கூடாது, சர்வேயர் வந்து அளந்த பிறகு பேசலாம். அப்பாவின் பிரஷர் மாத்திரை தீர்வதற்கு முன்பே வாங்கி வை, போன தடவை மாதிரி இடைவெளி விழ வேண்டாம்.

ஓஇடிக்கு ஏஜென்டிடம் பணம் கொடுக்காதே. நீயே நேராகப் பதிவு செய்யலாம். பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே போடு, இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாக எழுது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் தப்பாக இருந்தால் முதலில் அதைத் திருத்த எழுதிக் கொடு, அதற்கே நாள் ஆகும்.

அன்புடன்,
உன் அக்கா