ஸ்பாவை ஹைலைட்ஸில் பார்க்காதே

கோயம்புத்தூர்
ஜூலை 2, 2026

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது, மாடியில் துணி காயப்போட முடியவில்லை.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் என் மனசுக்கு ஒப்பவில்லை. இப்போதெல்லாம் எஃப் ஒன் கார் ரேஸை முழுசாகப் பார்ப்பதில்லை, திங்கள்கிழமை காலை போனில் பத்து நிமிஷம் ஹைலைட்ஸ் பார்ப்பதோடு சரி என்கிறாய். உனக்கு வேலை அப்படி, ஒத்துக்கொள்கிறேன். இந்த ஞாயிறு சில்வர்ஸ்டோன் ரேஸை அப்படியே பார்த்துக்கொள். ஆனால் 17-ஆம் தேதியிலிருந்து 19 வரை பெல்ஜியம் ரேஸ், ஸ்பா தடத்தில். அதை ஹைலைட்ஸில் பார்க்காதே, முரளி.

அங்கே நடந்த 2000-ஆம் வருஷ ரேஸை நினைத்துப் பார். ஹாக்கினன் ஷூமாக்கரைத் தாண்டிய அந்த இடம், நடுவில் பாவம், பின்தங்கி ஓட்டிக்கொண்டிருந்த ரிக்கார்டோ சோன்டா, இரண்டு பக்கமும் இரண்டு கார். இன்றைக்கும் எந்தத் தொகுப்பிலும் அது உண்டு. மூன்று நொடிகூட இருக்காது. ஆனால் நாம் பார்த்தது அந்த மூன்று நொடியையா? முன்னால் போய்க்கொண்டிருந்த ஹாக்கினன் 13-ஆவது லேப்பில், அதாவது சுற்றில், கார் சுழன்று முதலிடத்தை விட்டார். அப்புறம் ரேஸ் முழுக்கத் துரத்தல். ஒவ்வொரு லேப்பும் இடைவெளி குறைகிறதா என்று ஓரத்தில் வரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். 40-ஆவது லேப்பில் கெம்மல் நேர்பாதையில் ஷூமாக்கர் கதவைச் சாத்தினார், பெரிய விபத்தாகாமல் தப்பியதே பெரிது. மறு லேப்பில்தான் அந்த ஓவர்டேக். முந்தைய அரை மணி நேரம் உடம்பில் இருந்ததால்தான் நீ நாற்காலியை விட்டு எழுந்து கத்தினாய்.

1998-ஐயும் மறக்க முடியுமா? உங்கள் பீளமேடு வீட்டு ஹால், ஸ்டார் ஸ்போர்ட்ஸ், வர்ணனையாளர் ஸ்டீவ் ஸ்லேட்டர் குரல். வெளியே வெயில், டிவிக்குள்ளே அப்படியொரு மழை. முதல் வளைவு தாண்டியதும் கூல்ட்ஹார்டின் கார் சுழன்று திரும்பியது. பின்னால் வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் புகையில் எதுவுமே தெரியவில்லை. 13 கார்கள் மோதிக்கொண்டன. ஒரு சக்கரம் தனியாக உருண்டு போவது மட்டும் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பசங்க எல்லாம் பொழச்சாங்களாடா?” என்று கேட்டார். எல்லோரும் உயிரோடு இறங்கி வரும்வரை அவர் பேப்பரைத் திரும்ப எடுக்கவில்லை. நமக்கு ரேஸ் நிற்குமோ என்று கவலை, அவருக்கு மட்டும்தான் சரியான கவலை. ரேஸை மறுபடி கிளப்பினார்கள், ஷூமாக்கர் கூல்ட்ஹார்டின் காரில் மோதி மூன்று சக்கரத்தோடு பிட்டுக்கு வந்தார், கடைசியில் டேமன் ஹில் ஜோர்டான் டீமுக்கு முதல் வெற்றியைக் கொடுத்தார். அன்றைக்கு ஜோர்டான் முதலிடம், இரண்டாமிடம் இரண்டும். அந்த மஞ்சள் கார்களை நாம் அதுவரை கணக்கிலேயே எடுத்ததில்லை.

ஏன் அந்த ஊருக்கு மட்டும் இப்படி நடக்கிறது என்று நான் அடிக்கடி யோசிப்பேன். ஆர்டென் காட்டுக்குள் 7.004 கிலோமீட்டர். நம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயின் மூன்று சுற்று அதில் அடங்கி மீதியும் இருக்கும். லா சூர்ஸ் வளைவில் வெயில் அடிக்கும்போது பூவோன் வளைவில் மழை கொட்டும். மழை டயர் போட்டால் பாதித் தடத்தில் அது கரையும், வழவழ டயரில் நின்றால் மீதிப் பாதியில் வழுக்கும். அந்த முடிவை எடுக்கும் நேரத்தில் டீம் ரேடியோவில் ஓட்டுநரின் குரல் எப்படி மாறுகிறது என்று கேட்க வேண்டும். ஹைலைட்ஸில் முதலில் வெட்டுவதே அந்தப் பேச்சைத்தான்.

டிவி ஒன்றை மட்டும் காட்டாது. ஓ ரூஜ் வளைவிலிருந்து ரெதியோன் வளைவுக்கு ஏறும் மேடு. தூரத்து லென்ஸில் அது சும்மா ஒரு சரிவு மாதிரி தெரியும். உண்மையில் பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம், அதை இரண்டு மூன்று வளைவில், மிதித்த காலை எடுக்காமல் ஏறுகிறார்கள். மேலே போகிறவரை அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. அதனால் காரிலேயே பொருத்திய ஆன்போர்டு கேமராவுக்கு மாற்றும்போது கவனித்துப் பார். முன்சக்கரத்துக்கு மேலே வானம் மட்டும் தெரியும் ஒரு கணம் வரும், அதுதான் ரெதியோன். 2019-இல் எஃப் ஒன்னுக்கு அடுத்த படியான எஃப் டூ ரேஸில் அந்துவான் உபேர் இறந்துபோனது அந்த மேட்டைத் தாண்டிய இடத்தில்தான். 22 வயசுப் பையன்.

அதனால்தான் 2021-இல் அங்கே மழையில் மணிக்கணக்கில் காத்திருக்க வைத்து, மெதுவாக முன்னே போகும் சேஃப்டி கார் பின்னால் மூன்று லேப் மட்டும் ஓட்டியபோது, காரை விடாததற்கு நான் கோபப்படவில்லை. அந்த மழையில் விட்டிருக்கவே கூடாது. அதற்குப் பாதிப் புள்ளி கொடுத்து அதை ரேஸ் என்று சொன்னதுதான் தப்பு. நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்த அந்த ஜனங்களுக்கு அது நியாயமே இல்லை.

இந்த வருஷக் கார்கள் புதுசு என்பது உனக்குத் தெரியும். முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறக்கும் டிஆர்எஸ் போய்விட்டது. நேர்பாதையில் முன் இறக்கையும் பின் இறக்கையும் எல்லோருக்கும் படுத்துக்கொள்ளும். மின் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறியிருக்கிறது. இவ்வளவு நீளமான தடத்தில் பேட்டரியை எங்கே செலவழிப்பது என்பதே பெரிய கணக்கு. ரெதியோனில் மேலே வரும்போது கையில் மிச்சம் வைத்திருப்பவர் கெம்மல் முனையில் எதிராளியைப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்க்கிறேன். சத்தத்தையும் கேள். முடுக்கம் குறையும் இடம் காதுக்குத் தெரியும்.

டிவி விஷயம் உனக்குச் சொல்லணும். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நிறுத்தியபிறகு 2023-இல் நம் ஊர் டிவியில் எஃப் ஒன் இல்லாமலே ஒரு வருஷம் போனது. 2024-இலிருந்து ஃபேன்கோடில் வருகிறது. செயலியை டிவியிலேயே போட்டுவிட்டேன், பெரிய திரையில் வருகிறது. யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் சனிக்கிழமை குவாலிஃபையிங் நம் நேரம் இரவு 7.30. ஞாயிறு ரேஸ் மாலை 6.30. சாப்பாட்டு வேளை, தூக்கம் கெடாது.

இன்னொன்று, இதுதான் நான் இவ்வளவு எழுதக் காரணம். ஸ்பா இனி வருஷா வருஷம் இல்லை. 2031 வரை ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், ஆனால் 2028-இலும் 2030-இலும் அங்கே ரேஸ் கிடையாது. எண்ணிப் பார், இதையும் சேர்த்து நாலே நாலு. நாம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு ரேஸ் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு?

சனிக்கிழமை காலை சென்ட்ரலில் கோவை எக்ஸ்பிரஸைப் பிடி. மதியம் இங்கே வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாலும் குவாலிஃபையிங்குக்கு நேரம் இருக்கும். ஞாயிறு ராத்திரி ரேஸ் முடிந்து சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் திங்கள் காலை சென்னை. அப்பாவுக்கு டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்னால் அவரையும் கூட்டிக்கொண்டு வா. சாய்வு நாற்காலியை டிவிக்கு நேராகப் போட்டுவைக்கிறேன். ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் பதிலுக்குக் கடிதம் எழுதாதே, போன் பண்ணு.

அன்புடன்,
சேகர்